தி ஹிடன் ஃபோர்ட்ரஸ் (1958): அந்த இரண்டு விவசாயிகளுக்காக மக்கள் உட்கார்ந்து பார்ப்பார்களா?

திரைவட்டம் எழுதியது:

ஜப்பானிய இயக்குநர் குரோசாவாவின் தி ஹிடன் ஃபோர்ட்ரஸை எங்கள் திரைப்படக் கழகத்தில் அடுத்த மாதம் போடுகிறோம். சுமார் 40 பேர் வருவார்கள். பெரும்பாலானவர்கள் ரஷோமோனும் செவன் சாமுராயும் பார்த்தவர்கள். இது அவர்களுக்குப் புதுசு.

தேர்வுக் குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. "இது குரோசாவா இளைப்பாறிய படம். விவசாயிகளான தாஹேயும் மத்தாஷிச்சியும் கூச்சலிட்டுச் சண்டை போடுவதைத் தவிர தொடக்கத்தில் எதுவும் நடப்பதில்லை. நாயகன் மிஃபுனே வந்த பிறகுதான் கதை நகர்கிறது" என்பது ஒரு தரப்பு. "சாகசமும் சிரிப்பும் இந்த அளவுக்குப் பிணைந்த சாமுராய் படம் வேறு இல்லை, அந்த இரண்டு பேர்தான் படமே" என்பது மறு தரப்பு. தூங்கும் இளவரசியை யார் நெருங்குவது என்று இருவரும் குச்சி இழுத்துப் பார்க்கும் இடம் எல்லோரையும் நெளிய வைத்தது. அதை எப்படி எதிர்கொள்வது என்று யாருக்கும் தெளிவில்லை.

நன்றாகத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். தொடக்கப் பகுதிக்குப் பார்வையாளர்களை எப்படித் தயார்படுத்துவது? 139 நிமிடப் படத்தில் இடைவேளை எங்கே விடலாம்? சுருக்கிய பதிப்பு ஒன்று உண்டு என்கிறார்கள், அதைப் போடலாமா? எங்களிடம் இருப்பது 16:9 புரொஜெக்டர், 10 அடி அகலத் திரை, ப்ளூரே பிளேயர், மூன்று ஸ்பீக்கர்.

---

அகலத்திரை எழுதியது:

இளைப்பாறிய படம் என்று சொன்ன நண்பருக்கு முதலில் ஒரு தகவல். ஃபுஜி மலைச் சரிவில் வானிலை கெட்டு, படப்பிடிப்பு திட்டமிட்ட நாட்களைத் தாண்டி இழுத்துக்கொண்டே போனது. செலவும் எகிறியது. இதற்குப் பிறகுதான் தோஹோ நிறுவனம் இனி நஷ்டம் வந்தால் அதில் குரோசாவாவும் பங்கேற்க வேண்டும் என்று சொல்லி, 1959இல் அவர் சொந்தத் தயாரிப்பு நிறுவனம் தொடங்க நேர்ந்தது. படம் நன்றாக ஓடியது. கினெமா ஜுன்போ இதழின் 1958ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டாம் இடம், 1959 பெர்லின் விழாவில் சிறந்த இயக்குநருக்கான வெள்ளிக் கரடி. விளையாட்டாகத் தோன்றும்படி எடுக்க அவ்வளவு உழைத்திருக்கிறார்கள்.

தொடக்கத்துக்கு வருகிறேன். இது குரோசாவாவின் முதல் அகலத்திரைப் படம். தோஹோஸ்கோப் முறை, அகலம் உயரத்தைப் போல 2.35 மடங்கு. முதல் ஷாட்டிலேயே அந்த அகலத்தை எதற்கு எடுத்துக்கொண்டார் என்று காட்டிவிடுகிறார். இரண்டு பேர் நமக்கு முதுகு காட்டி நடந்து போகிறார்கள், கேமரா பின்னாலேயே போகிறது. ஒருவன் விலகுகிறான், மற்றவன் திட்டுகிறான், மறுபடி நெருங்குகிறார்கள். திடீரென்று தோற்றோடும் ஒரு வீரன் ஃபிரேமுக்குள் ஓடி வருகிறான், குதிரைப்படை பின்னாலேயே வந்து அவனைக் குத்திச் சாய்க்கிறது. எந்த அறிவிப்பும் இல்லை. போர் என்பது இவர்களுக்கு எப்படி நடக்கிறதோ அப்படியே நமக்கும் நடக்கிறது. யார் யாரோடு, எதற்காகச் சண்டை என்பதைச் சொல்ல ஒரு வரைபடமோ குரலோ கிடையாது.

அதனால் "கதை எப்போது தொடங்கும்" என்று காத்திருக்க வேண்டாம் என்று முன்னுரையில் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். சண்டையில் ஆளுக்கொரு ஓரம், பயம் வந்தால் ஒட்டிக்கொள்வார்கள், தங்கத்தைக் கண்டால் ஒருவர் மேல் ஒருவர் ஏறுவார்கள். மிஃபுனே வந்த பிறகு அந்த இடைவெளிக்குள் மூன்றாவதாக அவர் வந்து உட்காருகிறார். நகைச்சுவையில் பாதி வசனத்தில் இல்லை, இந்த இடமாற்றத்தில் இருக்கிறது.

இதனால்தான் புரொஜெக்டர் விஷயத்தில் கண்டிப்பாக இருக்க வேண்டும். கறுப்புப் பட்டை மேலும் கீழும் தெரிகிறதே என்று யாராவது ஜூம் பொத்தானை அமுக்கினால் அகலத்தில் 24 சதவீதம் போய்விடும், பக்கத்துக்கு 12. இந்தப் படத்தில் ஓரத்தில்தான் ஆள் நிற்பான். ஒருவன் திட்டுவது கேட்கும், திட்டு வாங்குபவன் திரையில் இருக்க மாட்டான்.

10 அடி அகலத்துக்குப் படத்தின் உயரம் ஏறக்குறைய 4 அடி 3 அங்குலம் வரும். மேலே கீழே தலா 8 அங்குலம் காலி. புரொஜெக்டர் அந்தக் காலி இடத்தில் முழுக் கறுப்பைத் தராது, சாம்பலாக ஒளிரும். இரவும் மூட்டமும் வரும் காட்சிகளில் அந்தச் சாம்பல் கண்ணை உறுத்தும். கறுப்பு வெல்வெட் துணியை இரண்டு பட்டைகளாகத் தைத்துத் திரைச் சட்டத்தில் கட்டிவிடுங்கள். கட்டுவதற்கு முன் சப்டைட்டில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சில பிளேயர்கள் அதைக் கீழ்ப் பட்டைக்குள் தள்ளிவிடும், துணி கட்டினால் வசனமே தெரியாது. அப்படியானால் செட்டிங்கில் சப்டைட்டிலைப் படத்துக்குள் ஏற்றிவிடுங்கள்.

இன்னும் இரண்டு. புரொஜெக்டரை 'விவிட்' அல்லது 'டைனமிக்' நிலையில் வைத்தால் கறுப்பு வெள்ளை நீலம் பாய்ந்து தெரியும், 'சினிமா' நிலைக்கு மாற்றுங்கள். அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் அணைத்துவிடுங்கள். மிஃபுனே ஏற்ற தளபதி ரொகுரோத்தா குதிரையில் துரத்தும் காட்சியில் கேமரா அவரோடு பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே போகிறது, பின்னணி மரங்கள் கோடுகளாக இழுபடுகின்றன. அந்த வசதி இருந்தால் மரங்கள் அங்கங்கே உடைந்து நெளியும். படத்தின் மிகச் சிறந்த ஓட்டம் வீணாகிவிடும்.

---

கணக்குப்புலி எழுதியது:

மேலே அகலத்திரை சார் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், ஆனால் எனக்கு இந்தப் படம் முதலில் ஒரு கதைப்பின்னல் படம். அந்தப் பின்னலைப் பார்வையாளர்களுக்குக் கொஞ்சம் பிரித்துக் காட்டினால் போதும், யாரும் எழுந்து போக மாட்டார்கள்.

நிலைமை இதுதான். அகிஸுகி குலம் போரில் தோற்றுவிட்டது. அதன் இளவரசி யுகி உயிரோடு இருக்கிறாள். குலத்தை மறுபடி நிறுத்த 200 கான் தங்கம் இருக்கிறது. நட்பு நாடான ஹயகாவாவுக்குப் போயாக வேண்டும், நேர் எல்லையை யமானா படை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அப்படியானால் எதிரி நாடான யமானாவுக்குள்ளேயே நுழைந்து சுற்றி ஹயகாவாவுக்குப் போகலாம் என்ற யோசனை யாருடையது? தளபதியுடையது இல்லை. அந்த இரண்டு பேரும் உயிர் பிழைக்கத் தாங்களாகவே கண்டுபிடித்த வழி அது. மண்ணில் கோடு கிழித்து ரொகுரோத்தாவுக்குச் சொல்கிறார்கள், அவர் திடுக்கிட்டுப் போகிறார். இந்தக் காட்சியைத் தவறவிட்டவர்கள்தான் "விவசாயிகள் வெறும் கோமாளிகள்" என்று எழுதுகிறார்கள். பயணம் முழுக்க அவர்கள் மூளையில் உதித்தது. தளபதி அதைக் கடன் வாங்குகிறார்.

திரைக்கதை எழுதிய முறையும் இதோடு பொருந்துகிறது. குரோசாவா, கிகுஷிமா, ஒகுனி, ஹஷிமோத்தோ என்று நால்வர் உட்கார்ந்து எழுதியது. தப்பவே முடியாத ஒரு நிலைமையைக் குரோசாவா போடுவார், மற்ற மூவரும் அதிலிருந்து நாயகனை வெளியே கொண்டுவர வழி தேட வேண்டும். படம் நெடுக அந்த விளையாட்டு தெரிகிறது.

எல்லைச் சாவடியைப் பாருங்கள். விறகுக்குள் தங்கம் மறைத்து வைத்திருக்கிறார்கள், காவலர்கள் விறகைப் பிளந்தால் முடிந்தது. ரொகுரோத்தா என்ன செய்கிறார்? தானே ஒரு விறகுத் துண்டை எடுத்துக்கொண்டு போய், இதற்குள் தங்கம் இருக்கிறது, கண்டெடுத்துக் கொடுத்தேன், வெகுமதி கொடு என்று அடம்பிடிக்கிறார். அந்தத் தங்கம் எங்கே கிடைத்தது என்று தேடுவதில் காவலர்கள் மும்முரமாகிவிட, தொல்லை கொடுக்கும் இந்த ஆளைத் துரத்திவிட்டால் போதும் என்று ஆகிவிடுகிறது. ஒன்றைக் கொடுத்து எல்லாவற்றையும் கடத்துகிறார். இதைச் செய்ய அவர் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார் என்று யோசியுங்கள். பேராசை பிடித்த விவசாயி எப்படி நடந்துகொள்வான் என்பதைச் சில நாட்களாகப் பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தவர்.

இப்போது எடை. ஒரு கான் என்பது 3.75 கிலோ. 200 கான் என்றால் 750 கிலோ. தங்கத்தின் அடர்த்திக்கு அது 39 லிட்டர் கொள்ளளவுதான், வீட்டுக்கு வரும் இரண்டு தண்ணீர் கேனுக்குள் அடங்கிவிடும். மறைப்பது சுலபம், சுமப்பதுதான் பாடு. ஓர் ஆள் மலைப்பாதையில் 30 கிலோ சுமந்தால் இருபத்தைந்து பேர் வேண்டும். படம் இந்தக் கணக்கைக் கடைசி வரை நேர்மையாகப் பின்தொடர்வதில்லை, அது உண்மை. ஆனால் சுமையின் உணர்வை விட்டுவிடவே இல்லை. குதிரை, தள்ளுவண்டி, முதுகு என்று சுமக்கும் வழி மாறிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு மாற்றமும் முந்தைய விபத்தின் விளைவு. விடுதி ஊரில் குதிரையை விற்க நேர்வதால் வண்டி. வண்டி நெருப்புத் திருவிழாவில் மாட்டிக்கொள்வதால் விறகெல்லாம் தீயில். மறுநாள் சாம்பலைத் தோண்டித் தங்கத்தைப் பொறுக்கி முதுகில் கட்டிக்கொண்டு நடை.

நெருப்புத் திருவிழா வரும்போது அரங்கைக் கவனியுங்கள். ஊரே விறகைத் தீயில் போட்டு ஆடுகிறது, போடாமல் நின்றால் சந்தேகம் வரும். ரொகுரோத்தா வண்டியோடு கவிழ்த்துவிட்டு எல்லோரையும் ஆடச் சொல்கிறார். அந்த இரண்டு பேரும் எரியும் தங்கத்தைப் பார்த்துக்கொண்டே, அழுகை முட்டிக்கொண்டு, ஆட்டத்தில் கால் மாற்றிப் போடுகிறார்கள். இளவரசி மட்டும் உண்மையான மகிழ்ச்சியோடு ஆடுகிறாள். ஒரே வட்டத்துக்குள் இரண்டு விதமான ஆட்டம். அந்த இருவராக நடித்த சியாகியும் ஃபுஜிவாராவும் இதற்காகவே கொண்டாடப்பட வேண்டியவர்கள்.

உங்கள் ஆட்கள் ரஷோமோன் பார்த்தவர்கள் என்றால் இதைச் சொல்லுங்கள்: அதில் துறவியாக வந்த மினோரு சியாகிதான் இங்கே தாஹே. செவன் சாமுராயில் மகளின் கூந்தலை வெட்டும் மன்ஸோதான் மத்தாஷிச்சியாக வரும் காமத்தாரி ஃபுஜிவாரா. முகம் தெரிந்துவிட்டால் பொறுமை தானாக வரும்.

---

தாழ்வாரம் எழுதியது:

குச்சி இழுக்கும் காட்சியைப் பற்றி இதுவரை யாரும் தொடவில்லை. நேராகப் பேசிவிடலாம்.

அது படத்தின் குறை. "அந்தக் காலம் அப்படி" என்று சொல்லி நகர்ந்துவிடுவது பார்வையாளர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. உள்நாட்டுப் போர்கள் நடந்த செங்கோகு காலத்தில் தோற்ற நாட்டுப் பெண்களுக்கு என்ன நடந்தது என்பதைப் படமே வேறோர் இடத்தில் கனமாகக் காட்டுகிறது. விடுதியில் விலைக்கு விற்கப்பட்ட அகிஸுகிப் பெண்ணை இளவரசி காண்கிறாள், அவளை வாங்கியே ஆக வேண்டும் என்று தளபதியிடம் பிடிவாதம் பிடிக்கிறாள். அந்த வன்முறையை அங்கே கோபத்தோடு காட்டிய அதே படம், குச்சி இழுக்கும் இடத்தில் சிரிப்பை எதிர்பார்க்கிறது. இரண்டும் ஒட்டவில்லை.

ஆனால் அதை வெட்டச் சொல்ல மாட்டேன். தாஹேயும் மத்தாஷிச்சியும் நல்லவர்கள், வெகுளிகள் என்ற எண்ணம் நமக்குள் வளரும்போதெல்லாம் படம் அதைத் தட்டிவிடுகிறது. இளவரசியைக் காட்டிக்கொடுத்துப் பணம் வாங்கவும் முயல்கிறார்கள். கூட்டாளியை விட்டு ஓடுகிறார்கள். மீட்கப்பட்ட அந்தப் பெண்தான் இரவில் இளவரசிக்குக் காவல் இருந்து இவர்களைத் தடுக்கிறாள். அவளுக்குப் படம் ஒரு பெயர்கூடத் தரவில்லை. கடைசியில் பிடிபட்ட நேரத்தில் "நான்தான் இளவரசி" என்று முன்னால் வந்து நிற்பவளும் அவள்தான். திரையிடலுக்குப் பின் கலந்துரையாடலில் இந்தப் பெண்ணிலிருந்து தொடங்குங்கள். அந்தக் காட்சி பற்றிய கேள்வி தானாகவே சரியான இடத்தில் வந்து விழும். முன்னுரையில் ஒரே ஒரு வரி போதும்: பாலியல் அச்சுறுத்தலை நகைச்சுவையாகக் கையாளும் ஒரு காட்சி உண்டு என்று.

யுகியைப் பற்றியும் பேச வேண்டும். "எப்போதும் கத்துகிறாள்" என்ற விமர்சனம் அடிக்கடி வருகிறது. யுகியாக நடித்த மிசா உஎஹாரா தொழில்முறை நடிகை அல்ல, புதுமுகம். சில படங்களோடு திரையை விட்டுப் போய்விட்டார். குரலில் ஏற்ற இறக்கம் குறைவு என்பது உண்மைதான். ஆனால் கதை அவளுக்கு என்ன கட்டளை போடுகிறது என்று பாருங்கள். அவள் வாயைத் திறந்தால் யாரென்று தெரிந்துவிடும், எனவே பயணம் முழுக்க ஊமையாக நடிக்க வேண்டும். குரல் போனபின் அவளிடம் மிஞ்சுவது நிற்கும் விதமும் நடக்கும் விதமும் அந்த நெற்றியேறிய புருவமும்தான். காலை அகட்டி, கையில் குச்சியோடு, எவரையும் நேருக்கு நேர் பார்த்து நிற்கிறாள். பிறந்தது முதல் யாருக்கும் தலை குனியாத ஒருத்தியின் உடல் அது. எந்த வேடமும் அதை மறைக்காது. பரபரப்பு அங்கிருந்துதான் வருகிறது.

படத்தின் மனசாட்சியும் அவள்தான். ரொகுரோத்தாவின் தங்கை கொஃபுயு இளவரசிக்குப் பதிலாகத் தலை கொடுக்கிறாள். தளபதி கண்ணில் நீர் இல்லை. கொஃபுயுவுக்கும் பதினாறு, எனக்கும் பதினாறு, உயிரில் என்ன வித்தியாசம் என்று யுகி சீறுகிறாள். பிறகு தனியாகப் போய், யாரும் பார்க்காத உயரத்தில் நின்று அழுகிறாள். சாகசப் படத்தில் ஓர் இளவரசியைக் காப்பாற்றுவதற்கான விலையை இளவரசியே கேள்வி கேட்பது 1958இல் எவ்வளவு அரிது என்பதைச் சொல்லுங்கள்.

---

திரைவட்டம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. வெல்வெட் துணிக்கு ஆள் சொல்லியாயிற்று. கலந்துரையாடலை அந்தப் பெண்ணிலிருந்து தொடங்குவது நல்ல யோசனை, குழுவும் ஏற்றுக்கொண்டது.

ஒலி பற்றி யாராவது சொல்லுங்கள். டிஸ்கில் மோனோ ஒன்று, மூன்று சேனல் ஒன்று என இரண்டு தடங்கள் இருக்கின்றன. பழைய படத்துக்கு மோனோதானே அசல்? இடைவேளை, சுருக்கிய பதிப்பு கேள்விகளும் அப்படியே நிற்கின்றன.

---

ஒலித்தடம் எழுதியது:

இந்தப் படத்துக்கு மூன்று சேனல் தடமும் அசல்தான். பின்னாளில் யாரோ பிரித்து ஒட்டியது இல்லை.

படம் பெர்ஸ்பெக்டா முறையில் வெளியானது. பிலிமின் ஓரத்தில் இருப்பது ஒரே ஒரு மோனோ ஒலித்தடம். அதற்குள் காதுக்கு எட்டாத அளவில் 30, 35, 40 ஹெர்ட்ஸ் என்று மூன்று கட்டுப்பாட்டு ஒலிகள் கலந்திருக்கும். அரங்கில் உள்ள கருவி அவற்றைப் படித்து, இடது, நடு, வலது ஸ்பீக்கர்களின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும். அந்தக் கருவி இல்லாத கொட்டகையில் சாதாரண மோனோவாகவே ஓடும். ஆகவே இது முழு ஸ்டீரியோ கிடையாது. ஒரே நேரத்தில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் வேறொன்று கேட்காது. ஒட்டுமொத்தச் சத்தமும் ஒரு பக்கம் நகரும். குதிரைகள் ஒரு பக்கமிருந்து மறுபக்கம் ஓடும்போதும், ஆள் திரைக்கு வெளியே இருந்து கூப்பிடும்போதும் இதன் பயன் தெரியும்.

உங்களிடம் மூன்று ஸ்பீக்கர் இருப்பதால் மூன்று சேனல் தடத்தையே போடுங்கள். நடு ஸ்பீக்கரைத் திரைக்குக் கீழே மத்தியில் வைத்து, மூன்றும் ஒரே மாடலாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒன்று, பக்கங்களில் வேறு வகை என்றால் வசனம் நகரும்போது குரலின் தன்மையே மாறும், ஆளே மாறிவிட்டது போலக் கேட்கும். ஆம்ப்ளிஃபையரில் 'சரவுண்ட்' விளைவுகள் எதையும் போடாதீர்கள். பின் ஸ்பீக்கர் இருந்தால் அணைத்துவிடுங்கள். அறை எதிரொலித்தால் மோனோவுக்கு மாறிவிடுவது நல்லது, வசனம் தெளிவாக இருக்கும்.

சத்த அளவை எந்தக் காட்சியில் வைத்துச் சரிபார்ப்பது? பெரும்பாலும் முதல் காட்சியை வைத்துத்தான் பார்ப்பார்கள். இருவரும் கத்துவதால் அளவைக் குறைத்து வைத்துவிடுவார்கள், பிறகு கோட்டையில் அடங்கிப் பேசும் காட்சிகள் கேட்காமல் போகும். ஈட்டிச் சண்டையை வைத்துப் பாருங்கள். அதில் மண்ணில் கால் இழுபடும் சத்தமும் மூச்சும் கேட்க வேண்டும், சூழ்ந்து நிற்கும் வீரர்கள் கலையும் இரைச்சல் உறுத்தக் கூடாது. இரண்டும் சரியாக இருந்தால் மற்ற இடங்களும் சரியாகவே இருக்கும்.

மசாரு சாத்தோவின் இசை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நெருப்புத் திருவிழாப் பாட்டு மறுபடியும் வருகிறது. முதலில் ஊரே கூடிப் பாடும்போது, பின்னர் கைதான பின் இளவரசியின் வாயில். மனித உயிரை நெருப்பாக எரியவிடு, உலகம் கனவு என்கிற பாட்டு. முதல் தடவையில் பார்வையாளர்கள் வசனவரியைக் கவனிக்காமல் ஆட்டத்தையே பார்ப்பார்கள். இரண்டாம் தடவை அந்தச் சொற்களுக்குத்தான் முழு எடை. ஆகவே பாட்டின் தமிழ் வரிகளை ஒரு சீட்டில் அடித்து முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுங்கள்.

இடைவேளை: சாவடியைத் தாண்டிய பிறகு, விடுதி ஊருக்குள் நுழைவதற்கு முன். ஏறக்குறைய பாதியில் வரும். ஒரு கண்டம் தாண்டிவிட்டது, புது ஆள் ஒருத்தி வரப்போகிறாள், கதை இயல்பாக மூச்சு விடும் இடம். குதிரைத் துரத்தலுக்கும் ஈட்டிச் சண்டைக்கும் நடுவே மட்டும் நிறுத்திவிடாதீர்கள். ரொகுரோத்தா இரு கைகளாலும் வாளை உயர்த்திப் பிடித்து, கடிவாளத்தைத் தொடாமல் பாய்ந்து போகிற வேகத்திலேயே எதிரி முகாமுக்குள் போய் விழுகிறார். அந்த வேகம் சட்டென்று உறைந்து, இரண்டு பேர் ஈட்டியோடு அசையாமல் நிற்பதில்தான் காட்சியின் உயிர். இது ஒரே மூச்சில் ஓட வேண்டும். 10 நிமிடத்துக்கு மேல் இடைவேளை வேண்டாம்.

சுருக்கிய பதிப்பு வேண்டவே வேண்டாம். 1960களில் அமெரிக்காவில் ஒன்றரை மணி நேர அளவுக்கு வெட்டி ஓட்டினார்கள். நேரம் மிச்சமாகும், ஆனால் மேலே கணக்குப்புலி சொன்ன காரண காரியச் சங்கிலியில் எந்தக் கண்ணியை எடுத்தாலும் அடுத்தது தற்செயலாகத் தோன்றும். டிஸ்க் உறையில் 139 நிமிடம் என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

---

அகலத்திரை எழுதியது:

ஒலித்தடம் சொன்ன ஈட்டிச் சண்டையோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அங்கே முகாமைச் சுற்றித் துணித் திரைகள் கட்டியிருக்கும். ஈட்டி துணியைக் கிழிக்கிறது, ஒருவர் துணிக்குப் பின்னால் போகிறார், வீரர்களின் வளையம் அவர்களோடு நகர்ந்து விரிகிறது, சுருங்குகிறது. திரை அகலத்தில் பாதிக்கு மேல் வெறும் இடம். அந்த வெறும் இடத்தின் நீளம்தான் ஈட்டியின் நீளம். வாள் சண்டையை இந்த அகலத்தில் எடுத்திருந்தால் இருவரும் நடுவில் குவிந்து ஓரங்கள் வீணாகியிருக்கும்.

சிறைப்பட்டவர்கள் இரவில் கோட்டைப் படிக்கட்டில் கிளர்ந்து இறங்கும் காட்சியையும் குறிப்பிட்டுச் சொல்லுங்கள். "தொடக்கத்தில் எதுவும் நடப்பதில்லை" என்பவர்களுக்கு அதுவே பதில். இடிந்த கோட்டையில் தங்கம் தோண்டப் பிடித்துவரப்பட்ட கூட்டம், துப்பாக்கிச் சூட்டையும் மீறி, படி முழுக்க வெள்ளமாக இறங்குகிறது. அதே கூட்டத்துக்குள் நம் ஆட்கள் இரண்டு பேரும் இழுபட்டுப் போகிறார்கள். புரட்சியில் கலந்துகொண்ட எண்ணமே அவர்களுக்கு இல்லை. அடுத்த காட்சியில் பசிக்கு அரிசி வேகவைக்கிறார்கள்.

---

பழையபிரதி எழுதியது:

தாமதமாக வருகிறேன். முக்கியமானது ஒன்று விட்டுப்போயிருக்கிறது: ஹ்யோஎ தாதோகொரோ.

ஈட்டிச் சண்டையில் தோற்ற எதிரித் தளபதி. ரொகுரோத்தா அவரைக் கொல்லாமல் விட்டுப் போகிறார். அதற்காகவே அவருடைய பிரபு அவரை அடித்து முகத்தைச் சிதைத்துவிடுகிறான். இறுதியில் கைதிகளைப் பார்க்க அந்தத் தழும்போடு வருகிறார், இளவரசியின் பேச்சையும் பாட்டையும் கேட்கிறார், மறுநாள் கட்டவிழ்த்துவிடுகிறார். சிரிப்பும் ஓட்டமுமாகப் போன படம் அங்கே வேறு உயரத்துக்குப் போகிறது. முதல் தடவை பார்ப்பவர்களில் சிலர், இவர் மனம் மாறியது திடீரென்று இருக்கிறது என்பார்கள். அந்தக் குறைக்கு மருந்து குரோசாவாவிடமே இருக்கிறது.

1945இல் அவர் எடுத்த தி மென் ஹூ ட்ரெட் ஆன் த டைகர்ஸ் டெயில் படத்தைப் பாருங்கள். 59 நிமிடம்தான். அதகா சாவடிக் கதை, நோ, கபுகி நாடகங்களில் ஜப்பானியர் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தது. தப்பியோடும் தளபதி யோஷித்சுனே சுமைகாரனாக வேடமிட்டு, தன் துணைவன் பென்கேயின் சாமர்த்தியத்தால் எல்லையைக் கடக்கிறான். சாவடித் தலைவன் தொகாஷி உண்மையை உணர்ந்தும் விட்டுவிடுகிறான். இதற்குள் கபுகியில் இல்லாத ஒரு சுமைகாரனைக் குரோசாவா நுழைத்தார், எனோகென் என்ற புகழ்பெற்ற நகைச்சுவை நடிகரை அதில் போட்டார். மேன்மக்களின் வீரத்தைக் கீழிருந்து வாய் பிளந்து பார்க்கும் ஒருவன். அந்த ஒருவன்தான் 13 ஆண்டு கழித்து இரண்டு பேராகி, படத்தின் நடுவிடத்துக்கு வந்துவிட்டான். தொகாஷியாக நடித்த சுசுமு ஃபுஜிதாவேதான் இங்கே ஹ்யோஎ. ஜப்பானியப் பார்வையாளருக்கு அந்த முகத்தைப் பார்த்ததுமே இவர் விட்டுவிடக்கூடியவர் என்ற எதிர்பார்ப்பு எழ இடமுண்டு. நம் ஆட்களுக்கு அது இல்லை.

ஆகவே முடிந்தால் முந்தைய வாரம் அந்த 59 நிமிடப் படத்தைப் போடுங்கள். ஒரே நாளில் இரண்டையும் போட்டால் 3 மணி 18 நிமிடம், இடைவேளையும் சேர்த்தால் மக்கள் சோர்ந்துவிடுவார்கள். போர் முடியும் தறுவாயில் எடுத்தது, 1952இல்தான் வெளியே வந்தது. பிரதியின் தரம் சுமாராக இருக்கும், ஒலி கரகரக்கும், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விவசாயிகளின் கனவு பற்றியும் ஒரு குறிப்பு. போருக்குப் போய்ப் பெரிய ஆளாகலாம் என்று கிளம்பியவர்கள் முட்டாள்கள் இல்லை. செங்கோகு காலத்தில் அது நடக்கக்கூடிய காரியம். ஜப்பானை ஒன்றிணைத்த ஆட்சியாளர் ஹிதெயோஷி 1588இல் விவசாயிகளின் ஆயுதங்களைப் பறித்து, 1591 ஆணையால் வீரன் வேறு, உழவன் வேறு என்று பிரித்த பிறகுதான் அந்தக் கதவு மூடியது. அதற்கு முன் உழவனாகப் பிறந்தவன் வேல் பிடித்து மேலே போனது உண்டு, ஹிதெயோஷியே அப்படி எளிய குடும்பத்திலிருந்து வந்தவர்தான். தாஹேயும் மத்தாஷிச்சியும் தாமதமாகப் போனார்கள், தோற்ற பக்கத்து ஆள் என்று பிடிபட்டார்கள், பிணம் புதைக்க வைக்கப்பட்டார்கள். அவ்வளவுதான் வித்தியாசம். இது தெரிந்தால் முதல் காட்சிச் சண்டையே வேறு மாதிரி கேட்கும்.

ஸ்டார் வார்ஸ் பற்றிக் கட்டாயம் யாராவது கேட்பார்கள். கதையை மிகத் தாழ்ந்த இரண்டு பாத்திரங்களின் கண் வழியே சொல்லும் யோசனை இந்தப் படத்திலிருந்து வந்தது என்று ஜார்ஜ் லூகாஸே சொல்லியிருக்கிறார். அந்தப் படத்தின் ரோபோக்களான சி-த்ரீபிஓவும் ஆர்டூ-டிடூவும் பாலைவனத்தில் சண்டை போட்டுப் பிரிந்து, பிடிபட்டு, மறுபடி சேர்வது இங்கிருந்து போனது. ஒரு காட்சி மற்றதைத் துடைத்துத் தள்ளிக்கொண்டு வரும் வைப் மாற்றங்களும் பொருந்தும். அதற்கு மேல் ஒற்றுமை தேடி அலைய வேண்டாம். அங்கே இயந்திரங்களுக்குப் பேராசை கிடையாது, அதனால் அவை யாரையும் காட்டிக்கொடுப்பதும் இல்லை. இங்கே கதையை ஓட்டுவதே பேராசை. இந்தக் கேள்வியைக் கலந்துரையாடலின் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒதுக்குங்கள். முதலில் எடுத்தால் மாலை முழுக்க அதிலேயே போய்விடும்.

முன்னுரை மூன்று நிமிடத்துக்குள் முடியட்டும். அகிஸுகி, யமானா, ஹயகாவா என்ற மூன்று பெயர்களையும் ஒரு அட்டையில் முக்கோணமாக எழுதி வாசலில் வையுங்கள். நேர் எல்லை அடைப்பு, சுற்றுவழி இரண்டையும் அம்புக்குறியால் காட்டினால் போதும். தங்கம் எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை மட்டும் அட்டையில் எழுதிவிடாதீர்கள். ஓடைக்கரையில் விறகுக் குச்சிக்குள்ளிருந்து பிறைச் சின்னம் பொறித்த கட்டி வெளிப்படும்போது அரங்கம் தாஹே, மத்தாஷிச்சியோடு சேர்ந்து அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

---

திரைவட்டம் எழுதியது:

அட்டை, பாட்டுச் சீட்டு, மூன்று சேனல் ஒலி, சாவடிக்குப் பின் இடைவேளை, எல்லாம் குறித்துக்கொண்டோம். 1945 படத்தை முந்தைய சனிக்கிழமை போடுகிறோம்.

ஒரே ஒரு சந்தேகம். தமிழ் சப்டைட்டில் நாங்களே தயாரிக்கிறோம். இருவரும் ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிடும் இடங்களில் வரிகள் மிக வேகமாக மாறுகின்றன, படிக்க முடியவில்லை.

---

தாழ்வாரம் எழுதியது:

எல்லா வசைகளையும் எழுத வேண்டாம். மூன்று திட்டில் ஒன்றை எழுதினால் போதும், மற்றவை முகத்தில் தெரியும். ஒரு தடவைக்கு இரண்டு வரிக்கு மேல் போகக் கூடாது, ஒரு வரி 35 எழுத்துக்குள். எந்த வரியும் ஒரு விநாடிக்குக் குறையாமல் திரையில் நிற்கட்டும். இருவரும் சேர்ந்து கத்தும் இடத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வரி, முன்னால் சிறு கோடு. யார் முதலில் வாயைத் திறக்கிறாரோ அவர் வரி மேலே.

இளவரசி மலைமேல் அழும் இடத்திலும் ஈட்டிச் சண்டையிலும் வீரர்களின் கூச்சலை எழுதாதீர்கள். அங்கே திரையின் கீழ்ப்பகுதி காலியாக இருக்கட்டும்.